கழற்றிய பின்னும் கண்ணில் தங்கும் லென்ஸ்

கண்ணுக்குள் நுழையும் ஒளியை விழித்திரையில் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது, கண்ணின் முகப்பில் அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் தடிப்புடன் அமைந்திருக்கும் 'கார்னியா' என்னும் தெளிந்த படலம் ஆகும். தலைமுடியின் தடிப்பை எட்டாத அளவுக்கு அதன் வடிவம் மாறினாலும் பார்வையின் பவர் மாறிவிடும் என்பதால், அதன்மேல் நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்திருக்கும் கான்டாக்ட் லென்ஸ் அதை என்ன செய்கிறது என்பது கவனிக்கத்தக்க கேள்வியாகிறது.

தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இரத்தக் குழாய்கள் இல்லாமல் அமைந்த இந்தப் படலம், தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே பெறுகிறது. லென்ஸ் அதைத் தடுக்கும்போது லாக்டிக் அமிலம் சேர்ந்து, அது நீரை இழுக்க, படலம் வீங்குகிறது. இமை மூடி உறங்கும் எவருக்கும் 3 முதல் 4 சதவீதம் வரை வீக்கம் ஏற்பட்டு, விழித்த சிறிது நேரத்தில் வடிந்துவிடும். லென்ஸோடு உறங்குபவருக்கு அது கூடுகிறது. இதனுடன் லென்ஸின் விளிம்பும் இமையின் அழுத்தமும் சேர்ந்து மேலடுக்கின் செல்களை இடம் மாற்ற, மேற்பரப்பு ஓரிடத்தில் தட்டையாகவும் வேறோரிடத்தில் செங்குத்தாகவும் உருமாறுகிறது.

1948இல் கெவின் டூஹி உருவாக்கிய பிளாஸ்டிக் லென்ஸ் ஆக்சிஜனைச் சற்றும் கடத்தாததால், அவ்வகையை அணிந்தோர் பலருக்கு, அதைக் கழற்றிக் கண்ணாடி போட்டால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகவே தெரிந்தது. 1961இல் ஓட்டோ விக்டர்லே செய்த மென் லென்ஸும், 1990களின் இறுதியில் வந்த சிலிக்கான் ஹைட்ரோஜெல்லும் மூச்சடைப்பைப் பெருமளவு தீர்த்தன; அழுத்தத்தைத் தீர்க்கவில்லை.

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவின் துன் உசேன் ஓன் தேசியக் கண் மருத்துவமனை தொடங்கி கிள்ளான் பள்ளத்தாக்கின் தனியார் நிலையங்கள் வரை, லேசரால் கார்னியாவைச் சீவிப் பார்வையைத் திருத்தும் லேசிக் சிகிச்சை கேட்டு வருவோருக்கு இந்த உருமாற்றமே முதல் தடையாகிறது. கார்னியாவின் வடிவத்தை அளக்கும் கருவியில் முகவாயை வைத்து உட்கார்ந்தவரின் கண்ணில் ஒளி வளையங்கள் விழ, அவை எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்பதிலிருந்து கணினி ஒரு வரைபடம் தீட்டும். அதில் சிவப்பு செங்குத்தையும் நீலம் தட்டையையும் குறிக்கும். லென்ஸை அன்று காலையில்தான் கழற்றியவரின் வரைபடம் அவருடைய கண்ணையன்றி லென்ஸின் சுவட்டையே காட்டக்கூடும். அதனால்தான் மென் லென்ஸை ஏறத்தாழ இரண்டு வாரமும், கடின லென்ஸை மூன்று நான்கு வாரமோ அதற்கு மேலோ தவிர்க்கச் சொல்லி, அளவு மாறாமல் நிற்கும்வரை மீண்டும் அளக்கிறார்கள். லேசர் சீவிய திசு திரும்பி வராது என்பதை எண்ணினால் இந்தத் தாமதம் சிறிது.

தமிழர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை தேவை. கார்னியா மெலிந்து கூம்பாகத் துருத்தும் 'கெரட்டோகோனஸ்' நோய், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தெற்காசிய வழியினர் பெரும்பான்மையாக இருந்த ஆசியரிடையே வெள்ளையரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு காணப்பட்டது. லென்ஸால் நேரும் உருமாற்றம் இந்நோயைப் போலவே வரைபடத்தில் தோன்றக்கூடும். நோய் இருப்பவரின் வரைபடத்தை லென்ஸின் வேலை என்று தவறாக நினைத்து அவரை லேசிக்குக்கு அனுப்பிவிடுவதும் நேரக்கூடும். லேசிக் செய்தால் நோய் முற்றக்கூடியவர்கள் இவர்களே.

இதே உருமாற்றத்தை வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002இல் இரவில் அணிய அனுமதித்த 'ஆர்த்தோகெரட்டாலஜி' லென்ஸ், கார்னியாவின் நடுப்பகுதியைத் தட்டையாக்கி, மறுநாள் பகல் முழுதும் கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்துகிறது. அணிவதை நிறுத்தினால் கண் மெல்ல பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது.

தீபாவளிக்கு முன் இணையத்தில் வாங்கப்படும் வண்ண லென்ஸின் கதை வேறு. மலேசியாவின் 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி, பவர் இல்லாததாயினும் லென்ஸைத் தகுதியுடன் பதிவு பெற்றவரே அளந்து தர வேண்டும். பெட்டியில் அச்சிட்ட 8.6 என்ற எண் லென்ஸின் உட்புற வளைவை மில்லிமீட்டரில் சொல்கிறது. சராசரி கார்னியாவின் வளைவோ 7.8க்கு அருகில். ஆளுக்கு ஆள் மாறும் இந்த இடைவெளியை, இமைக்கும்போது லென்ஸ் எவ்வளவு நகர்ந்து மீள்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பவரே அறிவார்.