பாதரசத்தைக் குப்பையில் எறியலாமா?

உலோகங்களுள் சாதாரண அறை வெப்பத்தில் நீர்போல் ஓடும் இயல்புடையது பாதரசம் ஒன்றே. நீரைப் போலப் பதின்மூன்றரை மடங்கு கனமுடையது. எனினும் கையில் ஒட்டாமல் உருண்டோடும். இவ்வியல்பு கண்டு நம் முன்னோர் பெரிதும் வியந்தனர். சித்தர் மரபில் இரசத்துக்கு உள்ள இடத்தை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்க முயன்ற கலைக்கே இரசவாதம் என்றுதான் பெயர். நாம் இங்கே ஆராயப் புகுவது அவ்வளவு பெரிய விஷயம் அன்று. நம் வீட்டு அலமாரியில் ஒதுங்கிக் கிடக்கும் சிறிதளவு பாதரசம், வீட்டை விட்டு வெளியேறிய பின் எங்கே போகிறது என்பதே கேள்வி.

உத்தியோகத்தின் பொருட்டோ வியாபாரத்தின் பொருட்டோ தில்லி, மும்பை, கொல்கத்தா, ஆமதாபாத் முதலிய நகரங்களில் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஊரிலிருந்து வரும்போது கொணர்ந்த கண்ணாடி வெப்பமானி ஒன்றேனும் இருக்கும். அதிலுள்ள பாதரசம் ஏறத்தாழ ஒரு கிராம். முதியோர் உள்ள இல்லத்தில், இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பெட்டிக் கருவியும் இருக்கலாம். அதில் எண்பது கிராமுக்குக் குறையாமல் இருக்கும். பரண்மேல் எரியாத குழல் விளக்குகள் சில சாய்ந்திருக்கும். சி.எஃப்.எல். என்னும் சுருள் விளக்கிலும் சில மில்லிகிராம் உண்டு. ஆக, அளவில் விளக்கு கடைசி. அழுத்தக் கருவியே முதல். ஆயினும் எண்ணிக்கையில் விளக்குகளே மிகுதி என்பதை மறத்தல் ஆகாது.

ஒரு கிராமுக்கா இத்தனை பேச்சு என்று சிலர் நகைக்கக் கூடும். காகிதத்தை எரித்தால் சாம்பலாகும். காய்கறித் தோல் மக்கி எருவாகும். பாதரசமோ ஒரு தனிமம். அதனை எரித்தால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். புதைத்தால் மண்ணிலும் நீரிலும் இறங்கும். சாக்கடையில் ஊற்றினால் ஆற்றுக்குப் போகும். எங்குச் சென்றாலும் அது அழிவதில்லை. இடம் பெயர்கிறது, உருவம் மாறுகிறது, அவ்வளவே. நீர்நிலைகளின் அடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய சேர்மமாக மாற்றுகின்றன. அது சிறு மீனுள் புகுந்து, சிறு மீனைத் தின்னும் பெரு மீனில் மேன்மேலும் திரளும். இதனால்தான் சுறா போன்ற பெருமீன்களைக் கருவுற்ற பெண்டிர் தவிர்த்தல் நலம் என மருத்துவர் கூறுகின்றனர். நெத்திலியும் மத்தியும் விரும்பி உண்போர் இதனைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. சிறு மீன்களில் இது மிகக் குறைவே.

இது வெறும் ஏட்டறிவன்று என்பதற்கு ஜப்பானில் கியூஷூ தீவிலுள்ள மினமாட்டா நகரம் சான்று. அங்கே ஓர் இரசாயன ஆலை அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தைக் கிரியாஊக்கியாகக் கொண்டு, கழிவை வளைகுடாவில் விட்டு வந்தது. முதலில் பூனைகள் வெறிகொண்டு துள்ளி வீழ்ந்து மாண்டன. பின்னர் மீனவர் குடும்பங்களில் கை கால் நடுக்கமும், பார்வைக் குறைவும், பேச்சுத் தடுமாற்றமும் தோன்றின. 1956-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி இந்நோய் அதிகார பூர்வமாகப் பதிவாயிற்று. ஆனால், ஆலைக் கழிவே காரணம் என்று ஜப்பானிய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது 1968-ஆம் ஆண்டில்தான்! இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது. 2,000-க்கு மேற்பட்டோர் நோயாளிகள் எனச் சான்றளிக்கப் பெற்றனர். தாய் நோயின்றி இருக்க, அவள் வயிற்றிற் பிறந்த குழந்தை ஊனமுற்றுப் பிறந்த நிகழ்ச்சிகளும் உண்டு. உண்ட நஞ்சு தாயை விட்டுக் கருவைத் தாக்கியது.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் கூறவேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்த ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப் பெற்றது. அங்கே செய்த வெப்பமானிகள் பெரும்பாலும் அயல்நாடுகளுக்கே சென்றன. 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அவ்வாலையிலிருந்து வெளியேறிய பாதரசம் தோய்ந்த கண்ணாடி உடைசல்கள் ஊரிலுள்ள காயலான் கடை ஒன்றில் மூட்டை மூட்டையாகக் கிடக்கக் கண்டனர். மக்கள் கிளர்ந்தெழ, ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே பணிபுரிந்த 591 தொழிலாளர்களுடன் நிறுவனம் இழப்பீட்டு உடன்பாடு செய்துகொண்டது 2016-ஆம் ஆண்டில். உடைசல்கள் கண்டெடுக்கப்பட்டதற்கும் உடன்பாட்டுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள்! இதில் நாம் கவனிக்க வேண்டுவது அந்தக் காயலான் கடையைத்தான். ஆலைக்கு அக்கண்ணாடி வேண்டாத குப்பை; கடைக்காரருக்கோ எடை போட்டு வாங்கிய சரக்கு. கைமாறும் இந்த இடத்தில்தான் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் நழுவுகிறது.

நம் வீட்டு வாயிலிலும் இதுவே நடைபெறுகிறது. வடக்கே கபாடிவாலா என்றும், மும்பையில் பங்கார்வாலா என்றும் அழைக்கப்பெறுபவர் வாரந்தோறும் வருகிறார். குழல் விளக்கின் இரு முனையிலும் உள்ள அலுமினிய மூடிக்கு விலை உண்டு; ஆகையால் விளக்கை உடைத்து மூடியைக் கழற்றுகின்றனர். குப்பை வண்டியில் போட்டாலோ, கையுறையுமின்றி அதனைப் பிரிப்பவர் காலடியில் அது நொறுங்குகிறது. அவருடன் சில வேளை அவர் பிள்ளைகளும் இருப்பர். விளக்கில் இருந்தது சில மில்லிகிராமே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். நாள்தோறும் நூறு விளக்கு உடைப்பவருக்கு அந்த ஆறுதல் இல்லை.

வீட்டிலேயே வெப்பமானி உடைந்தால் என் செய்வது? முதலில் ஓர் உண்மையை அறிதல் வேண்டும். குழந்தை வாயில் வைத்துக் கடித்துப் பாதரசத்தை விழுங்கிவிட்டால் பெற்றோர் பதறுவர். உண்மையில், விழுங்கிய பாதரசத்தில் மிக மிகச் சிறு பகுதியே குருதியில் சேரும். பெரும்பாலும் மலத்துடன் வெளியேறிவிடும். கண்ணாடித் துண்டு வாயைக் கிழித்ததா, தொண்டையில் இறங்கியதா என்று மருத்துவரிடம் காட்டுவதே உடனடித் தேவை. அபாயம் சுவாசத்தில் உள்ளது. பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. சுவாசித்த ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு உடலில் தங்கிவிடும். தரையிடுக்கில் ஒளிந்த ஒரு சிறு உருண்டை பல மாதம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூளையும் சிறுநீரகமும் அதற்கு இலக்காகும். தரையில் தவழும் குழந்தைக்கே கெடுதி மிகுதி.

வடநாட்டுக் குளிர்காலத்தில் இவ்வபாயம் இரட்டிப்பாகிறது. காய்ச்சல் வருவதும் அப்போதுதான். சன்னல்களை அடைத்து, தரையில் கம்பளம் விரித்து, ஹீட்டர் போட்டிருப்பதும் அப்போதுதான். வெப்பம் ஏற ஏற ஆவியும் மிகும். ஆகவே உடைந்தவுடன் குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் வெளியேற்றுக. ஹீட்டரை அணைத்து, அறைக்கதவைச் சாத்தி, வெளிப்புறச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். துடைப்பம் எடுத்தல் கூடாது. அது ஒரு துளியை ஆயிரம் துளியாக்கும். தூசு உறிஞ்சும் கருவியோ ஆவியை வீடெங்கும் ஊதிவிடும். கையிலுள்ள மோதிரத்தையும் வளையலையும் முதலில் கழற்றி வைத்தல் வேண்டும். இதனை நம் பெண்மணிகளுக்கு வற்புறுத்திச் சொல்வேன்: பாதரசம் பட்ட பொன் அதனோடு கலந்து வெளுத்துவிடும்; தாலிச் சரடாயினும் விலக்கில்லை.

பின்னர் கையுறை அணிந்து, தடித்த அட்டை இரண்டினால் உருண்டைகளை ஒன்றுசேர்த்து, மருந்துச் சொட்டுக் குழலால் உறிஞ்சி, சிறிது நீர் விட்ட கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூடுக. இருட்டில் கைவிளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் எஞ்சிய துளிகள் மின்னும். அவற்றை ஒட்டு நாடாவால் எடுக்கலாம். உபயோகித்த அட்டை, நாடா, குழல், கையுறை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் சேர வேண்டியவை. பாதரசம் பட்ட துணியைச் சலவை இயந்திரத்தில் இடுதல் தகாது. கம்பளத்தில் ஆழ இறங்கியிருந்தால் அப்பகுதியை வெட்டி எடுத்தலே வழி. கம்பளத்தின் விலையை அப்போது எண்ணிப் பயனில்லை.

சரி, புட்டியை யாரிடம் ஒப்படைப்பது? 2016-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் வெளியிட்ட திடக் கழிவு விதிகள், உடைந்த வெப்பமானி, சி.எஃப்.எல்., குழல் விளக்கு, பழைய பாட்டரி முதலியவற்றை வீட்டு அபாயக் கழிவு எனத் தனியே வகுத்தன. இருபது சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு சேகரிப்பு நிலையம் நகராட்சிகள் அமைக்க வேண்டும் என்றும் விதித்தன. விதி ஏட்டில் இருப்பது வேறு, நம் தெருவில் நிலையம் இருப்பது வேறு என்பதை அனுபவமுள்ளோர் அறிவர். ஆயினும் கேட்டால்தான் கிடைக்கும். தனி ஒருவர் விசாரிப்பதினும், குடியிருப்போர் சங்கத்தின் வாயிலாக எழுதிக் கேட்பது பயன்தரும். ஆண்டுக்கு இருமுறை ஒரு நாள் குறித்து, ஒரு மரப்பெட்டியில் விளக்குகளை உடையாமல் நிறுத்திச் சேர்த்து, அரசுப் பதிவு பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடம் மொத்தமாக ஒப்புவிக்கலாம். அங்கே மூடிய இயந்திரத்தில் விளக்கை நொறுக்கி, பாதரசத்தைப் பிரித்தெடுப்பர். விளக்கு வாங்கிய அட்டைக் கூட்டை எறியாது வைத்திருந்தால் அதுவே பாதுகாப்பான உறை.

இங்கே மொழியும் ஒரு தடையாகிறது. பாதரசம் என்று நாம் சொன்னால் வடநாட்டு ஊழியர் விழிப்பர். இந்தியிலும் மராத்தியிலும் அதற்குப் 'பாரா' என்று பெயர். வெயில் மிகுந்தால் 'பாரா' ஏறிவிட்டது என்று இந்திப் பத்திரிகைகள் எழுதுவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். குஜராத்தியில் 'பாரோ'. தெலுங்கிலும் கன்னடத்திலும் நம் சொல்லே சிறிது ஒலி மாறி வழங்குகிறது. புட்டியின்மேல் தமிழிலோ ஆங்கிலத்திலோ மட்டும் எழுதி ஒட்டினால், அதனைக் கையாள்பவருக்கு எழுதியதாகாது.

சேகரித்தல் ஒரு பாதி. வாங்காதிருத்தல் மறு பாதி. 2013-ஆம் ஆண்டு ஜப்பானில் உருவான மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் அமலுக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதனை ஏற்று உறுதி செய்தது. பாதரச வெப்பமானி, அழுத்தக் கருவி முதலியவற்றின் உற்பத்தியை நிறுத்த அது 2020-ஐ எல்லையாகக் கொண்டது. அவகாசம் கேட்கும் நாடுகளுக்கு விலக்கும் தந்தது. 2023-இல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், ஒளிரும் நேர்க்குழல் விளக்குகளின் உற்பத்தியை 2027-க்குள் முடிக்கத் தீர்மானித்தன. நம் நாட்டில் 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தின்கீழ் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பெற்றன, இவற்றில் பாதரசம் இல்லை. எண் காட்டும் வெப்பமானியை முதியோர் நம்புவதில்லை. அதன் மின்கலம் தளர்ந்தால் பிழை காட்டும் என்பது மெய்யே. ஆனால் மின்கலம் மாற்றுவது, தரையிடுக்கில் பாதரசம் தேடுவதினும் எளிது.

வேண்டி வாங்கும் பொருளில் ஒன்று மட்டும் தனியே குறிப்பிடத் தக்கது: தோலை வெளுக்கச் செய்யும் களிம்பு. பெயர் தெரியாத நிறுவனங்கள் செய்து, தயாரிப்பாளர் முகவரியின்றி விற்கும் சில களிம்புகளில் பாதரசம் மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரக நோயுற்று வந்த சிலரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிய களிம்பையே காரணமாகச் சுட்டினர். இதனைப் பற்றி மேலும் விரிக்க வேண்டுவதில்லை. கறுப்புத் தோலுக்கு மருந்து தேவையில்லை.

மாற்றலாகி வீடு காலி செய்யும் நாள்தான் பெரும்பாலான குடும்பங்களில் இப்பொருள்கள் குப்பைக்குப் போகும் நாள். லாரி வாயிலில் நிற்கும். பரணைக் காலி செய்ய ஆள் அவசரப்படுத்துவார். ஆகையால் மாற்றல் உத்தரவு கைக்கு வந்த வாரத்திலேயே வெப்பமானி, அழுத்தக் கருவி, பழைய விளக்கு ஆகியவற்றைத் தனிப் பெட்டியில் எடுத்து வைத்து, சேகரிப்பு நிலையத்தில் சேர்த்துவிட்டுப் பிற சாமான்களைக் கட்டத் தொடங்கலாம். நிலையம் கிட்டாவிடில் பெட்டியைக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடம், உள்ளே இருப்பது இன்னதென அவ்வூர் மொழியில் எழுதி ஒட்டிக் கொடுத்துச் செல்க.