கீழ்முதுகை மட்டும் நம்ப முடியாது

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு வருகிற அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, "கால்சியம் மாத்திரை போட்டீங்களாம்மா?" என்றுதான். கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் அதுவும் படத்தில் விழுந்து அடர்த்தியைக் கூட்டிக் காட்டிவிடும். முந்தின நாளே நிறுத்தச் சொல்கிறோம். மற்றபடி வெறும் வயிறு வேண்டாம், ஊசி இல்லை, மெஷினுக்குள் நுழையவும் வேண்டாம்.

கீழ்முதுகுக்கு, கால்களை மடக்கி ஸ்பாஞ்ச் பெட்டி மேல் தூக்கி வைப்பேன்; முதுகு மேசையோடு படிய வேண்டும். இடுப்பு மூட்டுக்கு, பாதத்தை உள்பக்கம் திருப்பிப் பட்டையால் கட்டுவேன். பாட்டிகளுக்கு இதுதான் பிடிக்காது. ஆனால் திருப்பாவிட்டால் தொடை எலும்பின் கழுத்து முழுசாகத் தெரியாது. சக்தி வேறுபட்ட இரண்டு எக்ஸ்ரே கதிர்களை எலும்பும் சதையும் எவ்வளவு தடுக்கின்றன என்று கணினி பிரித்துக் கணக்குப் போடும்.

ரிப்போர்ட்டில் எல்லோரும் தேடுவது டி-ஸ்கோரை. இளவயது எலும்போடு ஒப்பிட்ட எண் அது. மைனஸ் 1 வரை கவலையில்லை, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கோடு.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்குக் கீழ்முதுகு மைனஸ் 0.9, இடுப்பு மூட்டு மைனஸ் 2.7. "முதுகு நல்லாத்தானே இருக்கு பாப்பா?" என்றார். வயதானால் முதுகெலும்பு தேய்ந்து ஓரங்களில் முள் வளரும். அந்த முள்ளையும் மெஷின் எலும்புக் கணக்கில்தான் சேர்க்கும். டாக்டர் இடுப்பைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார். அதைவிட, நின்ற இடத்தில் விழுந்தே இடுப்பு முறிந்தவருக்கு டி-ஸ்கோர் நன்றாக இருந்தாலும் வைத்தியம் வேண்டும்.

டீச்சருக்கு முதலில் வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, 70 மில்லிகிராம். எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு. அப்புறம் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, காபியும் கூடாது. நம் ஊரில் காபிதான் பெரிய தடை! அவருக்கு நெஞ்செரிச்சல் தாங்காமல், வருடம் ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலத்துக்கு மாற்றினார்கள். முதல் தடவை காய்ச்சலும் உடம்புவலியும் வந்து போயின.

எனக்குப் பயமெல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போடுகிறவர்களைப் பற்றித்தான். மகன் ஊரில் இல்லை, கையில் காசில்லை என்று தள்ளிப்போடுகிறார்கள். மாற்று மருந்தில்லாமல் அதை நிறுத்தினால் சேர்ந்த அடர்த்தி மளமளவென்று இறங்கும். முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்குவதும் உண்டு.

மறு ஸ்கேன் ஓரிரு வருடம் கழித்து, முடிந்தவரை அதே மெஷினில். மெஷினுக்கு மெஷின் எண் மாறும். பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொல்லித்தான் அனுப்புகிறேன். பாதிப் பேர் வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள்.