காட்பாடி நடைமேடையில் ஒரு விடைபெறல்: விருந்தாக வந்த குழந்தையைத் தத்தெடுக்க முடியுமா?

வேலூர் காந்தி ரோட்டிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பல கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்க எழுத்தும் இருக்கும். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மட்டுமல்ல, வங்கதேசம், நேபாளம், பூட்டானிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சிலர் வாரக்கணக்கில் தங்குவார்கள், சிலர் மாதக்கணக்கில். தலசீமியா உள்ள குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை இங்கே 1986-இலேயே தொடங்கிவிட்டது. அந்தச் சிகிச்சை முடிந்த குழந்தை பொதுவாக நூறு நாள் வரையாவது மருத்துவமனைக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். அதனால் லாட்ஜை விட்டு, சமையலறையோடு கூடிய மாடி அறை தேடி வரும் குடும்பங்கள் உண்டு.

நூறு நாள் சின்னக் காலம் அல்ல. மாடியில் குடியிருக்கும் எட்டு வயதுக் குழந்தை கீழ்வீட்டுச் சமையலறைக்குப் பழகிவிடும். அம்மாவின் சகோதரியை வங்கதேச முஸ்லிம் வீடுகளில் ‘காலா’ என்பார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகளிலும் அதே சொல்தான். பாஷை தெரியாத ஊரில் ஒரே ஒரு சொல் பொதுவாகக் கிடைத்தால் உறவு ஒட்டிக்கொள்ள அது போதும்.

பிறகு ஒருநாள் காட்பாடி ஜங்ஷன். கையில் ஆற்காடு மக்கன் பேடா பெட்டி, ஜன்னலுக்கு வெளியே நீளும் சின்னக் கை. வண்டி போன பிறகு வெறிச்சோடிய மாடி அறையைக் கூட்டும்போது, பிள்ளை இல்லாத வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வீட்டிலும் அந்த நினைப்பு எழும்: இந்தக் குழந்தையை நாமே வளர்க்க முடியாதா?

பெற்றோர் இருக்கும் குழந்தை

பெற்றோரோடு வந்த குழந்தை என்றால் முடியாது. நோயும் வறுமையும் ஒரு குழந்தையைத் தத்துக்கு உரியதாக ஆக்கிவிடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி ஆதரவற்ற, கைவிடப்பட்ட அல்லது பெற்றோரால் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட குழந்தையை, குழந்தை நலக் குழு விசாரித்து ‘தத்துக்குத் தகுதியானது’ என அறிவித்த பிறகே தத்துக் கொடுக்க முடியும். ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறுவதற்கே இரண்டு மாத அவகாசம் இருக்கிறது.

சிகிச்சைக்கு வந்த இடத்தில் பெற்றோரை இழந்து தனித்து நிற்கும் குழந்தையாக இருந்தால்? அப்போதும் அது வீட்டுக்காரர் எடுக்கும் முடிவல்ல. 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தை நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். தூதரகம் வழியே சொந்த நாட்டில் உறவினரைத் தேடுவதுதான் முதல் வேலை.

இந்தியர் ஒருவர் வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுப்பதற்கு விதிகளில் வழி உண்டு. ஆனால் அந்த நாட்டின் சட்டப்படியே தத்து நடந்து முடிந்திருக்க வேண்டும், அதன் பிறகே இங்கே குடியேற அனுமதி. வங்கதேசத்தில் இந்த வாசல் ஏறக்குறைய மூடியே கிடக்கிறது. விடுதலைப் போருக்குப் பின் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக 1972-இல் கொண்டுவந்த சிறப்பு ஆணையை அந்த நாடு 1982-இல் நீக்கிவிட்டது. முஸ்லிம் குடும்பங்களுக்கு அங்கே இருப்பது 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் மட்டுமே.

ஒளித்துவைக்கப்பட்ட சிறுமி

விருந்துக்கு வந்த குழந்தை மேல் வைத்த பாசம் எதுவரை போகும் என்பதை ஐரோப்பா பார்த்திருக்கிறது. செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்கம் படிந்த பெலாரஸ் குழந்தைகளை இத்தாலி, அயர்லாந்து உள்ளிட்ட நாடுகளின் குடும்பங்கள் விடுமுறைதோறும் வரவழைத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டன. அவர்களில் பலர் காப்பகக் குழந்தைகள். 2006 செப்டம்பரில் ஜெனோவா அருகே கோகொலெத்தோ என்ற ஊரில் ஒரு தம்பதி, பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் திருப்பி அனுப்ப மறுத்து ஒளித்துவைத்தார்கள். காப்பகத்தில் அவளுக்குக் கொடுமை நடந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். போலீஸ் தேடிக் கண்டுபிடித்தது, அந்த மாத இறுதியில் சிறுமி பெலாரஸ் திரும்பினாள்.

2008-இல் அமெரிக்காவுக்குப் போன ஒரு பெலாரஸ் சிறுமி திரும்ப மறுத்தபோது, குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கு அரசுகளே எழுத்தில் உறுதி தர வேண்டும் என்று பெலாரஸ் பயணங்களை நிறுத்தியது. ஒரு வீட்டின் தவிப்பு, அடுத்த கோடைக்குக் காத்திருந்த மற்ற குழந்தைகளின் பயணத்தையும் மறித்துவிட்டது.

தத்து விஷயத்தில் அரசுகள் இவ்வளவு கறாராக இருப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே காரணம் இருக்கிறது. சென்னையில் கடத்தப்பட்ட குழந்தைகள் பொய் ஆவணங்களோடு வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-இல் அம்பலமானது. பிள்ளையைத் தேடித் தெருத்தெருவாக அலைந்த பெற்றோர் இங்கே இருந்தார்கள். தத்தெடுத்தவர்களோ, ஆதரவற்ற குழந்தை என்று நம்பியே அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

போகும் குழந்தைக்குச் சொல்ல வேண்டியது

ஊருக்குப் போகும் தேதியைக் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தூங்கும்போது வண்டி ஏற்றிவிடுவது பெரியவர்களுக்குத்தான் சுலபம். ‘அடுத்த ரிவ்யூவுக்கு வரும்போது பார்க்கலாம்’ என்ற வாக்கிலும் கவனம் தேவை. 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்திய விசா இறுகியது. வர நினைத்தவர்களில் பலரால் வர முடியவில்லை. ‘உன்னை இங்கேயே வைத்துக்கொள்கிறேன்’ என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. குழந்தை அதை நம்பும், கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கு வலிக்கும்.

ஆம்பூர் வீடுகளின் கேள்வி

அந்தக் குழந்தை போய்விட்டது, வளர்க்கும் ஆசை போகவில்லை. அந்த ஆசைக்கு இங்கேயே வழி இருக்கிறது.

பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் பதனிடும் ஷாப்புகளால் வளர்ந்த ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசம். அங்கே முதலில் எழும் கேள்வி மார்க்கம் சார்ந்தது. ஆதரவற்ற பிள்ளையை வளர்ப்பது பெரும் நற்செயல் என்று இஸ்லாம் சொல்கிறது, ஆனால் பிள்ளையின் பிறப்பு வழியை மறைத்துத் தன் வாரிசாக்குவதை ஏற்பதில்லை. வாரிசாக்காமல் வளர்க்க விரும்புவோர், இந்தியாவிலும் நடப்பில் உள்ள அதே 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தின் கீழ் பாதுகாவலராகலாம். வளர்க்கும் பிள்ளைக்குத் தானாகச் சொத்துரிமை வராது. உயிரோடிருக்கும்போதே ‘ஹிபா’வாகக் கொடுக்கலாம், மூன்றில் ஒரு பங்கு வரை உயில் எழுதலாம்.

முழுத் தத்தே வேண்டும் என்பவருக்கும் தடை இல்லை. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் 2014 பிப்ரவரியில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்புகிறவருக்கு வழிவிடுகிறது.

தெரிந்த நர்ஸ், தெரிந்த புரோக்கர், ஒரு முத்திரைத்தாள் என்று போகும் வழி குற்றம். முறைப்படி இல்லாமல் குழந்தையைக் கைமாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. விலைக்கு வாங்கினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல்.

ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் தத்தெடுக்கும் தாய்க்கு 12 வார ஊதிய விடுப்பைத் தந்தது, ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றது. கைவிடப்பட்ட பச்சிளம் குழந்தையைத் தத்துக்கு உரியதாக அறிவிக்கவே இரண்டு மாதம் வரை ஆகும்போது, அந்த விடுப்பு எத்தனை பேர் கைக்கு எட்டியிருக்கும்? குழந்தை வந்த முதல் வாரங்களில் தாய் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதற்கான விடுப்பைக் கேட்டு வாங்கும் கடமை தொழிற்சங்கங்களுக்கு உண்டு.

விண்ணப்பத்தில் வயதுக் கட்டம்

தத்துக்கான பதிவு, ‘காரா’ எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் நடக்கிறது. பதிவு செய்தபின் சமூகப் பணியாளர் வீட்டுக்கே வந்து ஆய்வு செய்வார். 2022 செப்டம்பர் முதல் இறுதி ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர்க்காரர்களுக்கு அது திருப்பத்தூர் ஆட்சியர், வேலூர்க்காரர்களுக்கு சத்துவாச்சாரி அலுவலகம். தனித்து வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். தனி ஆண் பெண்குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.

பெரும்பாலான தம்பதிகள் கேட்பது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை. அதனால்தான் அந்த வரிசையில் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஆறு வயதைத் தாண்டிய குழந்தைகளில் பலரோ காப்பகங்களிலேயே வளர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்ற திட்டம் இருக்கிறது. குழந்தை நலக் குழுவின் ஆணையோடு குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கலாம், குழந்தையின் செலவுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க விதி இருக்கிறது. 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி 35 முதல் 60 வயது வரையுள்ள தனிநபரும், திருமணமாகாதவரோ துணையை இழந்தவரோ யாராயினும், இதற்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு, தத்துக்குத் தகுதியான குழந்தையாக இருந்தால் தத்தெடுக்கவும் கேட்கலாம். முன்பு இதற்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரிய பிள்ளை ஒட்டுமா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். காட்பாடியில் எட்டு வயதுக் குழந்தையை வண்டியேற்றிவிட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் பேச்சே வராமல் வந்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். அவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனால், வளர்ப்புப் பராமரிப்புக்கான விண்ணப்பத்தை அங்கேயே கேட்டு வாங்கலாம்.