பாரிஸ் ஏன் வாடகை ஸ்கூட்டரை வேண்டாம் என்றது?

2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. வாடகை மின் ஸ்கூட்டர் நகரில் தொடரலாமா என்று பாரிஸ் மாநகராட்சி தன் மக்களிடம் கேட்டது. வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்குரிமை உள்ளவர்களில் வாக்களித்தவர்கள் 8 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் மேயர் ஆன் இதால்கோ முடிவை ஏற்றார். ஆகஸ்ட் முடிவதற்குள் ஏறத்தாழ 15,000 வண்டிகள் அகற்றப்பட்டன.

இது நம் ஊரில் உட்கார்ந்து ஓட்டும் மின் ஸ்கூட்டர் அல்ல. நின்றபடி ஓட்டும், சிறு சக்கரங்கள் கொண்ட பலகை வண்டி. 2018இல் பாரிஸுக்கு வந்தது. கைபேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும். தொடக்கத்தில் இறங்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். மெட்ரோவில் இறங்கி வீடுவரை நடக்கும் தூரத்துக்கு இதைவிட வசதி வேறில்லை.

சிக்கலும் அந்த வசதியிலேயே இருந்தது. வண்டியை நிறுத்த வாடகை நிறுவனம் ஒரு சதுர அடிகூட வாங்கவில்லை. நடைபாதைதான் அதன் கிடங்கு. ஓராண்டுக்குள் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இறங்கின. வெள்ளைக்கோல் ஊன்றி நடப்பவருக்கும் குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் குறுக்கே கிடக்கும் ஒரு ஸ்கூட்டர் போதும், வழி அடைபட. வாடகையோ நிமிடக் கணக்கு. சிவப்பு விளக்கில் நின்றாலும் காசு ஓடியது. அவசரப்படச் சொல்லும் கட்டணத்தை வைத்துக்கொண்டு ஓட்டுநரை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை என்பேன்.

2020இல் மாநகராட்சி மூன்று நிறுவனங்களுக்கு மட்டும், ஆளுக்கு 5,000 வண்டி என்று உரிமம் கொடுத்தது. 2021இல் சேன் நதிக்கரையில் நடந்து சென்ற ஒரு பெண் ஸ்கூட்டர் மோதி இறந்தார். அதன்பின் கூட்டம் மிகுந்த பல பகுதிகளில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. இதைச் செய்தது தொழில்நுட்பம்தான்: வரைபடத்தில் ஓர் எல்லையை வரைந்துவிட்டால், ஜிபிஎஸ் உள்ள வண்டி அதற்குள் நுழைந்ததும் தானே வேகம் குறையும். குறித்த இடத்தில் நிறுத்தாவிட்டால் வாடகை முடியாது. ஆனால் உயர்ந்த கட்டடங்களுக்கிடையே ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். வண்டி சாலையில் போகிறதா, நடைபாதையில் போகிறதா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. நடந்துபோகிறவருக்கோ அந்தச் சில மீட்டர்தான் எல்லாம்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. இந்த ஸ்கூட்டர் யாருடைய பயணத்தை மாற்றியது? காரை விட்டு வந்தவர்கள் குறைவு. பெரும்பாலோர் இது இல்லாவிட்டால் நடந்திருப்பார்கள், அல்லது மெட்ரோவில் போயிருப்பார்கள். ஆகவே நெரிசலும் புகையும் குறையும் என்ற வாக்குறுதி பெரிதாக நிறைவேறவில்லை.

அதே பாரிஸில் 2007இல் தொடங்கிய வெலிப் வாடகை மிதிவண்டி இன்றும் ஓடுகிறது. அதற்கு நிலையங்கள் உண்டு. அவற்றில் பல, கார் நிறுத்திய இடத்தை எடுத்துக் கட்டப்பட்டவை. இடத்தைக் காரிடமிருந்து வாங்குவதா, நடப்பவரிடமிருந்து பிடுங்குவதா என்பதை அங்கே நகரமே தீர்மானித்தது. ஸ்கூட்டர் விஷயத்தில் முதலில் தீர்மானித்தவை நிறுவனங்கள். நகரம் விழித்துக்கொள்வதற்குள் மக்களின் பொறுமை தீர்ந்திருந்தது.

சொந்த ஸ்கூட்டருக்குப் பாரிஸில் தடை இல்லை. அதை மடித்துத் தூக்கிக்கொண்டு மெட்ரோ படியேறுகிறவர்களை இப்போதும் பார்க்கலாம். வாடகை நிறுவனங்கள் மின் மிதிவண்டிகளுக்கு மாறிவிட்டன. அவற்றை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பதுதான் இப்போது மாநகராட்சியின் வேலை.