வைக்கோலுக்கும் ஒரு பருவம் உண்டு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் தை பிறந்ததிலிருந்து மாசி, பங்குனி வரை வேளாண்மை வெட்டுக் காலம். அந்நாட்களில் வவுணதீவுப் பக்கமோ கொக்கட்டிச்சோலைப் பக்கமோ மாலையில் போகிறவர்கள் வயல்களில் புகை எழுவதைக் காண்பார்கள். எரிவது வைக்கோல். அதே ஊர்களில் கார்த்திகை, மார்கழியில் நான் வீடு வீடாகப் போகும்போது பெண்கள் சொல்லும் முதற்குறை, மாட்டுக்குப் போட ஒன்றுமில்லை என்பதாகும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே வைக்கோலுக்குக் குறைவில்லை. அதை எடுத்து வைக்கிற நேரத்தில் கையில் காசு இல்லை என்பதுதான் குறை.

நமது மாவட்டத்தில் மாடு பட்டினி கிடப்பது மழைக் காலத்தில். வெளியூர்ச் சகோதரிகளுக்கு இது வியப்பாக இருக்கலாம். பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வட்டைகளில் மாடு இறங்கக் கூடாது. பெரிய பட்டிக்காரர் மயிலத்தமடு, மாதவணை போன்ற எல்லைப்புற மேய்ச்சல் தரைகளுக்கு மாடுகளைச் சாய்த்துச் செல்வார்கள். அத்தரைகளும் பறிபோகின்றன என்று 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் அமர்ந்து போராட்டம் தொடங்கியதை அறிவோம். இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் பெண்ணுக்கோ அவ்வளவு தூரம் போக வழியில்லை. அவளது மாடு வளவுக்குள்ளேயே கட்டி நிற்கும். வெள்ளம் ஏறினால் வேலியோரப் புல்லும் இல்லை. 2022 டிசம்பரில் வீசிய குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாக இறந்தன. குளிர் எல்லா மாட்டுக்கும் ஒன்றுதான். ஆனால் மெலிந்த மாடுதான் முதலில் விழும்.

முன்பெல்லாம் தாக்கத்தியால் வெட்டி, களத்தில் சூடு வைத்து மிதித்தார்கள். வைக்கோல் களத்திலேயே குவிந்து கிடக்கும். போடியாரிடம் கேட்டால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வார். இப்போது வெட்டு மெசின் நெல்லை மூட்டைக்குத் தந்துவிட்டு, வைக்கோலை வயல் நீளத்துக்கும் கொட்டிக்கொண்டு போகிறது. உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் தண்ணீர் பாயும் வயல்களில் சித்திரையில் சிறுபோகத்துக்கு உழவேண்டும். ஆகவே வயற்காரர் அவசரப்படுகிறார். ஒரு தீக்குச்சியோடு அவர் வேலை முடிந்துவிடும். எரிக்காத வயலில் பட்டி மாடுகள் இறங்கி மிதித்துவிடும். மெசின் போனபின் நமக்குக் கிடைப்பது மூன்று நான்கு நாட்களே.

அந்த நாட்களுக்குள் வைக்கோல் காயவும் வேண்டும். தை மாதத்து வைக்கோல் ஈரமாகவே விழும். விடியற்காலைப் பனி வேறு. பனி உலர்ந்தபின் கிளறிவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, பிற்பகலில் கூட்டி அள்ளவேண்டும். ஒரு பிடியை எடுத்து முறுக்கிப் பார்த்தால் கையில் ஈரம் தட்டக் கூடாது. ஈரத்தோடு போர் வைத்தால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மாடு அதை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடும். கிளறுவதும் கூட்டுவதும் சுமப்பதும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் வயல் அவர்களுடையதல்ல, வண்டியும் அவர்களுடையதல்ல.

“காசு வாற நேரம் வைக்கல் சாம்பலாப் போயிரும் பிள்ள” என்றார், கணவரை இழந்து மூன்று பசுக்களோடு வாழும் அம்மா ஒருவர். சுழற்சிக் கடன் கொடுக்கும் நம் போன்றோர் சிந்திக்கவேண்டிய பேச்சு இது. மாடு வாங்கக் கடன் உண்டு, கொட்டில் கட்டக் கடன் உண்டு. தை மாதத்தில் உழவு இயந்திர வாடகைக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டால் அப்படி ஒரு வகை படிவத்தில் இல்லை!

கணக்கு ஒன்றும் பெரிதல்ல. நம் நாட்டுப் பசு ஒன்றுக்கு நாளுக்கு 5 கிலோ என்று வைத்தாலும், இரண்டு பசுக்களுக்கு மழைக்கால நான்கு மாதமும் 1,200 கிலோ போதும். ஏறக்குறைய ஓர் ஏக்கர் வயலில் விழும் வைக்கோல் அவ்வளவுதான். வயற்காரரும் எல்லாவற்றையும் தரத் தேவையில்லை. வைக்கோல் மண்ணுக்கும் உரமல்லவா?

வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி, பத்து நாள் கழித்துத் திறந்து, வாடை போக ஆறவிட்டுக் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. யூரியாக் கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாளியைக் கவனமாக வையுங்கள். முதன்முறை செய்பவர்கள் மிருக வைத்தியரைக் கேட்டுச் செய்வது நல்லது. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது யூரியாவும் இல்லை. அடுத்த பெரும்போக விளைச்சலும் விழுந்ததால் வைக்கோலும் குறைந்தது. ஆகவே யூரியாவை மட்டும் நம்பாமல், வேலியில் கிளிசரியாத் தடி நட்டு வைப்பது நல்லது. குழையை வெட்டிச் சற்று வாடவிட்டால் மாடு விரும்பித் தின்னும்.

எழுவான்கரைப் பெண்களுக்கு இன்னொரு செலவு, ஏற்றுக்கூலி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே தோணியும் பாதையும்தான். இன்று வைக்கோல் வண்டி நேரே ஆரையம்பதிக்கு வருகிறது. ஒருத்திக்காக வண்டி பிடித்தால் கட்டாது, நாலு பேர் சேர்ந்தால் கட்டும்.

நான் போய்வரும் ஒரு சங்கத்தில் இதைத்தான் செய்திருக்கிறார்கள். ஐப்பசியிலிருந்து வாரச் சேமிப்போடு வைக்கோலுக்கென்று தனியாக ஒரு தொகை சேர்க்கிறார்கள். மெசின் வயலில் இறங்குமுன்பே வயற்காரரிடம் பேசி, தீ வைக்காமல் நான்கு நாள் தரும்படி கேட்டுக்கொள்கிறார்கள். சென்ற முறை கேட்ட மூவரில் இருவர் சம்மதித்தார்கள். 2024 நவம்பர் வெள்ளத்தைக் கண்டபின் போரை நிலத்தில் வைப்பதில்லை. பனங்குற்றி அடுக்கி அதன்மேல் வைக்கிறார்கள். சம்மதிக்காத மூன்றாவது வயற்காரரிடம் இம்முறை அவரது மனைவி மூலம் பேசப்போகிறார்களாம். அவரும் ஒரு பசு வளர்க்கிறார்.