ஒட்ரான்டோ கோட்டையும் தந்தையர் பாவமும்

மர்மம், காதல், வரலாறு, இயற்கைக்கு அப்பாற்பட்டவை ஆகியவற்றைப் பின்னிப் புனையும் நாவல் மரபு ஆங்கிலத்தில் ஹொரேஸ் வால்போலின் ‘ஒட்ரான்டோ கோட்டை’யுடன் தொடங்கிற்று என்பர். 1764இல் முதற்பதிப்பை வெளியிட்டபோது, அவர் தம் பெயரை மறைத்து, அதனைப் பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு என்றார். 1765இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே உண்மையை ஒப்புக்கொண்டார்.

பாட்டன் நஞ்சிட்டுக் கொன்று கவர்ந்த கோட்டையைப் பேரன் மான்ஃபிரெட் ஆளுகிறான். அவனுடைய மகன் கொன்ராடை மணநாளன்று மாபெரும் தலைக்கவசமொன்று விழுந்து நசுக்குகிறது. மகள் மட்டில்டாவோ, வேறொருத்தியென மயங்கிய தந்தையின் கத்திக்கே இரையாகிறாள். தந்தையர் பாவம் மக்களைத் தொடரும் என்பதே கதையின் நீதி. இதனினும் பயனுள்ள நீதியை ஆசிரியர் தேர்ந்திருக்கலாம் என்று, மொழிபெயர்ப்பாளர் வேடத்தில் எழுதிய முகவுரையில் வால்போலே குறைகூறுகிறார்.

அக்குறை நமக்கும் உரியது. யாத்திராகமம் 20:5ஐ வாசிக்கும் நாம் எசேக்கியேல் 18ஐயும் சேர்த்தே வாசிக்கக் கடமைப்பட்டுள்ளோம். பாவத்தின் விளைவு பிள்ளைகளை எட்டக்கூடும். குற்றப்பழியோ செய்தவனையே சாரும் எனத் தீர்க்கதரிசி அறுதியிடுகிறார். பிள்ளையை அடக்கம்பண்ணிய தாய், “இது எங்கள் முன்னோர் செய்த பாவமோ, ஐயரே?” என்று வினவுகையில், கோட்டையின் நீதியை அவளிடம் கொண்டுசெல்லாதிருப்போமாக.