பொத்தானும் பொருளும்: தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியின் கட்டளைப் பொருத்தம் பற்றி ஒரு நோக்கு

திரைப்படம் பார்ப்பதற்கெனத் தொலைக்காட்சியுடன் இணைக்கப்பட்ட கணினியைத் தொலைவிலிருந்து இயக்க முற்படுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. பொத்தானை அழுத்தினால் எதிர்பார்த்தது நிகழ்வதில்லை. அல்லது வேறொன்று நிகழ்கின்றது. இஃது அற்பமான தொழினுட்பக் குறைபாடாகத் தோன்றலாம். ஆயின், ஒரு குறிக்குரிய பொருளை எவர் தீர்மானிக்கின்றார் என்னும் வினா இதனுட் பொதிந்துள்ளது. இடர்ப்பாட்டின் காரணங்களையும் அவற்றை நீக்கும் முறையையும் விளக்கி, அவ்வினாவையும் சுட்டுவதே எமது நோக்கமாகும்.

1956 இல் ஸெனித் நிறுவனம் வெளியிட்ட, றொபேட் அட்லர் வகுத்த கருவியிலே, அலுமினியக் கோல்களைச் சிறு சுத்தியல்கள் தட்ட எழுந்த கழியொலியே கட்டளையாக அமைந்தது. கோலுக்கொரு மீடிறன், மீடிறனுக்கொரு செயல். பொத்தானுக்கும் செயலுக்குமிடையே மொழிபெயர்ப்பாளர் எவரும் தேவைப்படவில்லை. கணினியின் வருகையோடு இவ்வுறவு மூன்று படிநிலைகளாகப் பிரிந்தது.

முதலாவது, ஒளித்துடிப்பு. பரவலாக வழங்கும் என்.ஈ.சி. முறையில், ஏறத்தாழ 38 கிலோஹேட்ஸ் மீடிறனில் அகச்சிவப்பு ஒளி 9 மில்லிசெக்கன் துடித்து, 4.5 மில்லிசெக்கன் ஓய்ந்து, பின்னர் 32 இருமக் குறிகளை அனுப்பும். ஏற்பி அவற்றை ஓர் எண்ணாக மாற்றும். இரண்டாவது, அவ்வெண்ணுக்கு ஒரு விசையின் பெயரை வழங்கும் அட்டவணை. மூன்றாவது, அவ்விசைக்குரிய செயலைத் தீர்மானிக்கும் மென்பொருள்.

எனவே குறைபாட்டைத் தேடுவோர் இவ்வொழுங்கிலேயே செல்லுதல் வேண்டும். லினக்ஸ் முறைமையில் ஐ.ஆர்.-கீடேபிள் என்னும் கருவியைச் சோதனை நிலையில் இயக்கிப் பொத்தானை அழுத்துக. எண் எதுவும் தோன்றாவிடின், குறை ஏற்பியிலோ தெரிவுசெய்யப்பட்ட குறிமுறையிலோ உள்ளது. எண் தோன்றி விசைப்பெயர் தோன்றாவிடின், அட்டவணையில் ஒரு வரி விடுபட்டுள்ளது. இரண்டும் தோன்றியும் திரை அசையாவிடின், குறை அதற்கு அப்பாலுள்ளது. மூன்றிலும் ஒருங்கே கைவைப்பவர் எதனால் நோய் தீர்ந்தது என்பதை அறியமாட்டார்.

மூன்றாம் வகைக்கு 'ஓகே' பொத்தான் சிறந்த எடுத்துக்காட்டாகும். அம்புக்குறிகள் யாவும் இயங்க, இப்பொத்தான் மட்டும் ஊமையாக இருத்தலைப் பலர் கண்டிருப்பர். லினக்ஸ் இதற்கு வழங்கிய எண் 352. 1987 இல் வெளிவந்த எக்ஸ் 11 சாளர முறைமையோ 255 வரையான விசையெண்களையே ஏற்கும். அதிலும் உள்வரும் எண்ணோடு 8 கூட்டப்படுவதால் 247 இற்கு மேற்பட்டவை கடந்து செல்லா. தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிக்கெனத் தனியாக வகுக்கப்பட்ட இலக்கப் பொத்தான்கள் 512 இலிருந்து தொடங்குவதால் அவற்றுக்கும் இதே கதியே. பரிகாரம் எளிது: அட்டவணையில் 'ஓகே' இற்கு நேரே, 28 என்னும் எண்ணுடைய 'என்ரர்' விசையை எழுதிவிடலாம். விசைப்பலகையை மனங்கொண்டு வரையப்பட்ட பழைய எல்லையொன்று, பின்வந்த கருவியின் வாயை அடைத்துவிடுகின்றது. உற்பத்திச் சாதனங்கள் வளர்ந்த பின்னரும் பழைய வடிவங்கள் அவற்றைத் தளையிடும் என்பதற்கு இதுவும் ஒரு சிறு சான்று எனலாம்.

அழுத்தம் மீளும் முறையும் கருதத்தக்கது. பிலிப்ஸின் ஆர்.சி.-5 முறையில், ஒவ்வொரு புதிய அழுத்தத்தின்போதும் மாறும் இருமக் குறியொன்றுண்டு. அழுத்திப் பிடித்தலையும் மீண்டும் அழுத்துதலையும் அதுவே வேறுபடுத்துகின்றது. பிறிதொரு கருவியைப் பார்த்துப் படியெடுக்கும் கருவி அக்குறியை மாறாது அனுப்புமாயின், விரைந்து தொடரும் இரண்டாம் அழுத்தம் முதலாவதன் நீட்சியாகவே கொள்ளப்பட்டு மறையும். அட்டவணையை எத்துணை திருத்தினும் இது தீராது.

செயற்பொருள் சூழலைச் சார்ந்தது. கோடி மென்பொருள், நடப்பிலுள்ள சாளரத்துக்குரிய வரையறையை முதலில் நோக்கி, அங்கு இல்லாதபோதே பொதுவரையறைக்குச் செல்லும். பட்டியலில் நகர்வைக் குறிக்கும் இடது அம்பு, முழுத்திரையில் படத்தைப் பின்தள்ளும். ஆதலாற் பொதுப்பகுதியில் மட்டும் மாற்றம் எழுதியவர் படம் ஓடும்போது அது பலிக்காமை கண்டு மயங்குதல் இயல்பே. மாற்றங்களைப் பயனரின் தனிக் கோப்பில் எழுதுதல் நன்று. அவை மூலத்தைச் சிதைக்காது அதன்மேல் அமையும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மைக்ரோசொஃப்ற் 2002 இல் அறிமுகப்படுத்திய மீடியா சென்ரரை 2015 இல் வின்டோஸ் 10 உடன் கைவிட்டது. அதற்கென விற்கப்பட்ட கருவிகளோ பழுதடையவில்லை. அவற்றின் குறிகளுக்கான அட்டவணை லினக்ஸில் எவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடியதாக உள்ளமையால் அவை இன்றும் பயன்படுகின்றன. மறுபுறம், நெட்ஃபிளிக்ஸ் தன் பெயர் பொறித்த பொத்தானைக் கருவிகளில் இடம்பெறச் செய்யும் திட்டத்தை 2011 இல் அறிவித்தது. உள்ளங்கையளவு பரப்பும் இவ்வாறு வணிகக் களமாயிற்று. விலைகொடுத்து வாங்கியவரின் கையிலே கருவி இருக்கின்றது. பொத்தானின் பொருள் பிறரிடம் இருக்கின்றது. விரல் நடுக்கமுற்ற முதியவர் பெரிய பொத்தானொன்றுக்குத் தமக்கு வேண்டிய செயலை வழங்க இயலுமா என்பது இவ்வுரிமையைப் பொறுத்ததே. அட்டவணை திறந்திருக்கும்வரை அவருக்கு வழியுண்டு. அதனைத் திறந்து வைத்திருப்பது, வரிவரியாக எழுதிப் பொதுவில் வைத்த பலரது கூட்டுழைப்பாகும்.